மூணு தண்ணி கழுவினவன்

அத்தியாயம் 9

தேனி பஸ் ஸ்டாண்டிலிருந்து அழகுமலையின் தோட்டம் வரைக்கும் நான் நாற்பத்தொரு போர்டு வாசித்தேன். நாற்பத்திரண்டாவதை வாசிக்கவில்லை. அன்றைக்கு நடந்தது முழுக்க அதனால்தான்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டேன்.

“கரம் சிரம் புறம் நீட்டாதீர்.”

“நீட்டல,” என்றார் ஜெபஷீலா மேடம், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

“படியில் பயணம் நொடியில் மரணம்.”

“உக்காந்துதான இருக்கோம்?”

“சில்லறை தந்து உதவவும். மேடம், கண்டக்டர் முகத்தப் பாத்தா நாமதான் அவருக்கு உதவணும் போல இருக்கு.”

மேடத்தின் அப்பா தேனி பஜாரில் குழாய்க்கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே மாடியில் ‘ஷீலா துப்பறியும் நிலையம்’. அதற்கு முன்பு மேடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பயிர்ச்சேதம் பார்க்கிற வேலையில் இருந்தவர். வாடின செடியைப் பார்த்தால் வெயிலா, பூச்சியா, பொய்யா என்று சொல்லிவிடுவார். கையில் எப்போதும் ஒரு குடை இருக்கும். மழை பெய்தாலும் விரிக்க மாட்டார், சுட்டிக்காட்டத்தான் அது.

நான் ராக்கையா. முப்பது வருஷம் திராட்சைப் பந்தலுக்குக் கீழே கூலி வேலை பார்த்தவன். குனிந்தும் அண்ணாந்தும் இடுப்பு போனபிறகு வாரத்தில் மூன்று நாள் மேடத்துக்கு உதவியாள். மற்ற நாள் இன்னமும் கூலிதான். நாற்பது வயதில் அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்தேன். அதனால்தான் எந்தப் போர்டைப் பார்த்தாலும் வாய் சும்மா இருக்காது. நாற்பது வருஷம் சும்மா இருந்த வாய்.

அது 2006, ஆடி மாதம். முதல் நாள்தான் சொர்ணலதா என்கிற பெண் மாடியேறி வந்து அழுதாள். அவள் புருஷன் விஜயபாண்டியைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டது. பக்கத்துத் தோட்டக்காரர் அழகுமலையின் பன்னீர் திராட்சைக்கு ராத்திரியில் வந்து விஷம் வைத்தான் என்று புகார். சாட்சியாக இரண்டு விஷயம். விஜயபாண்டியின் நெல் வயல் வரப்பில் களைக்கொல்லிப் பாக்கெட் ஒன்று காலியாகக் கிடந்தது. அதற்கு முந்தின வாரம் வாய்க்கால் தகராறில் பத்துப் பேருக்கு முன்னால், “உன் பந்தல் பட்டுப்போகும்டா பாரு,” என்று அவன் கத்தியிருந்தான்.

இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவனை உத்தமபாளையம் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்குள் வேறு பதில் கிடைக்காவிட்டால் அவன் உள்ளேதான்.

“வாயால கெட்டவன் மேடம்,” என்றேன் நான்.

“வாயால கெட்டவங்க நெறைய பேரு அண்ணே,” என்றார் மேடம். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

தோட்டத்தில் நுழைந்ததும் முதலில் காதில் விழுந்தது ரம்பம் அறுக்கிற சத்தம்.

கல்கால் நட்டு, கம்பி இழுத்த பந்தல். கிழக்கு ஓரத்தில் மோட்டார் ரூமும் தண்ணீர்த் தொட்டியும். மேற்கு ஓரத்தில் வேலி, வேலிக்கு அந்தப்பக்கம் விஜயபாண்டியின் நெல். மோட்டார் ரூம் பக்கத்து வரிசையில் முத்துராஜா குத்தவைத்து ஒரு கொடியின் அடியை அறுத்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருஷக் கொடி, என் முழங்கை மொத்தம் இருக்கும். முத்துராஜா எங்கள் பக்கத்துத் தெரு. மருந்தடிப்பதில் அவன் கைதான் இந்தப் பக்கம் சுத்தமான கை.

“வாங்கண்ணே,” என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்குக் கடைசியாக வந்த சிரிப்பு.

அழகுமலை மேல்துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

“யாரு வரச்சொன்னது? அந்தப் பய பொண்டாட்டியா? பாத்துட்டுப் போங்க. வேர்ல விஷம் எறங்கிருச்சு. பூராத்தையும் அறுத்துப் போட்டுட்டு வாழை வைக்கப்போறேன்.”

“எத்தனை கொடி அறுத்தாச்சு?” என்றார் மேடம்.

“காலைல இருந்து நாலு.”

“கொஞ்சம் பொறுக்கலாமே.”

“செத்த பிணத்தை எத்தனை நாளு வீட்ல வைக்கிறது?”

மேடம் ஒரு இலையைக் கிள்ளி என்னிடம் நீட்டினார். கருகவில்லை. காயவில்லை. இலை சுருங்கி, நரம்பெல்லாம் நெருங்கி, ஓரம் பல்பல்லாகக் கிழிந்து, மடக்கின பனைவிசிறி மாதிரி இருந்தது.

“வேர்ல விஷம்னா வாடித் தொங்கும். இது ஏன் இப்படிச் சுருங்குது?” என்றார்.

“குளிருக்குப் போத்திப் படுத்திருக்கோ என்னமோ.”

மேடம் வேலி ஓரத்துக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு வரிசையாகக் குடையால் தட்டி எண்ணிக்கொண்டு திரும்பி வந்தார். மொத்தம் பதினெட்டு வரிசை.

“அழகுமலைண்ணே, விஜயபாண்டி எங்கிட்டிருந்து வந்திருப்பாரு?”

“வேலி தாண்டித்தான். வேற எங்கிட்டு?”

“ஆனா வேலியோரம் பூராம் பச்சையா இருக்கு. விஷம் வைக்க வந்தவன் வேலி தாண்டி, நல்ல கொடி பன்னெண்டு வரிசையை விட்டுட்டு, நேரா இங்கன மோட்டார் ரூம் பக்கத்துல வந்து ஆரம்பிச்சிருக்கான்.”

“நல்ல காரியம் கெழக்க பாத்து ஆரம்பிக்கணும்னு ஜோசியன் சொல்லியிருப்பான் மேடம்,” என்றேன்.

“ஜோசியனையும் விசாரிப்போம். இங்க பாருங்க. மொதல் ரெண்டு வரிசை முழுசாப் போச்சு. அடுத்த ரெண்டு பாதி. அதுக்கடுத்த ரெண்டுல நுனி மட்டும். ஏழாவதுல ஒண்ணுமில்ல.”

“விஷம் தீந்து போயிருக்கும்,” என்றார் அழகுமலை.

“தீந்திருந்தா பட்டுன்னு நின்னிருக்கும். இது ரெண்டு ரெண்டு வரிசையாக் கொறையுது. அண்ணே, முதுகுல மாட்டுற டேங்க் ஒண்ணு நெறைச்சா எத்தனை வரிசைக்கு வரும்?”

“ரெண்டு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. ஒவ்வொரு டேங்க்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது. அப்படியென்றால் விஷம் யார் கையிலும் வரவில்லை. டேங்க்கின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்து, மருந்தோடு கலந்து வந்திருக்கிறது.

மேடம் அதற்குள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டார். ஒழுகுகிற தண்ணீரில் தானாக முளைத்த தக்காளிச் செடிகள் அங்கே கிடந்தன. மூன்று செடி மட்டும் முறுக்கிக்கொண்டிருந்தது. முதல் செடி ரொம்ப. கொஞ்சம் தள்ளி அடுத்தது சுமாராக. மூன்றாவது லேசாக. மூன்றைச் சுற்றியும் அருகம்புல் கொழுகொழு என்று நின்றது.

“புல்லுக்கு ஒண்ணுமில்ல, தக்காளிக்கு மட்டும் நோவு,” என்றார். “நெல்லுக்குள்ள அடிக்கிற களைக்கொல்லி இப்படித்தான் பண்ணும். நெல்லு புல் ஜாதி, அதை விட்டுரும். அகல இலைய மட்டும் சுருட்டும்.”

“தக்காளிக்கும் விஜயபாண்டிக்கும் வாய்க்கால் தகராறு இருந்துச்சோ?”

“விஷம் வைக்கணும்னு இங்க யாரும் ஊத்தல. டேங்க்கைக் கழுவின தண்ணிய ஊத்திருக்காங்க. நின்ன எடம் சகதியாயிரக் கூடாதுன்னு தள்ளித்தள்ளி ஊத்திருக்காங்க. மூணு எடம்.” குடையை ஊன்றிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீங்களே சொல்லுங்கண்ணே. கெடுக்க வந்தவன் மூணு தண்ணி கழுவிட்டா கெடுப்பான்?”

அதற்கும் ஒரு பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அது அங்கேயே செத்தது.

மூணு தண்ணி.

“நான் மோட்டார் ரூமைப் பாத்துட்டு வந்துர்றேன் மேடம்,” என்றேன்.

உள்ளே சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சோற்றுப்பசை வைத்து ஒட்டினது நான்தான்.

‘பந்தல் மடல்’ என்று திராட்சைக்காரர்கள் சங்கத்திலிருந்து மாதாமாதம் ஒரு புத்தகம் வரும். எந்த நோய்க்கு எந்த மருந்து, கொடியைக் கழிக்கிற கவாத்து எப்போது, புது ரகம் என்ன என்று சேதி இருக்கும். முதலாளிமார்கள் வாங்கி மூலையில் போட்டுவிடுவார்கள். மருந்தடிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் நான் சத்தமாக வாசிப்பேன். இருபது முப்பது பேர் கேட்பார்கள். “அண்ணன் வாசிக்கட்டும், பேசாம இருங்கடா,” என்பான் முத்துராஜா. என் வாழ்நாளில் எனக்காக யாரும் யாரையும் பேசாமல் இருக்கச் சொன்னது கிடையாது.

போன மாதப் புத்தகத்தில் நாலாம் பக்கம், ‘தெளிக்கும் கருவியைக் காப்பது எப்படி’ என்று ஒரு கட்டுரை. ‘ஒரு மருந்து தெளித்த கருவியை மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவிய பிறகே அடுத்த மருந்தை ஊற்ற வேண்டும்’ என்று வாசித்தேன். அதோடு கட்டுரை நின்றது. அதற்குக் கீழே கட்டம் போட்டு, ‘ஒயின் ஆலைக்கு ஏற்ற திராட்சை ரகங்கள்’ என்று வேறு சேதி. அதை வாசித்ததும் கடையே கொல்லென்று சிரித்தது. “நம்ம சரக்கை நாமளே விளைய வைக்கலாமாம்டா. கூலிய இனிமே தம்ளர்ல ஊத்துவாக,” என்று நானும் எடுத்துவிட்டேன். அந்தச் சிரிப்பிலேயே புத்தகத்தை மூடினேன். மறுநாள் முத்துராஜா கேட்டான் என்று நாலாம் பக்கத்தைக் கிழித்து, இங்கே கொண்டுவந்து ஒட்டினேன்.

இப்போது பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கட்டுரை முடிகிற இடத்தில், ஒயின் கட்டத்துக்கு மேலே, எறும்பு அளவில் ஒரு வரி.

‘தொடர்ச்சி 11-ஆம் பக்கம்.’

ஒரு சேதி பாதியில் நின்று, ஏழு பக்கம் தாண்டிப் போய் மறுபடி ஆரம்பிக்கும் என்பதே எனக்குத் தெரியாது. நான் படித்த வகுப்புப் புத்தகத்தில் பாடம் அந்தந்தப் பக்கத்திலேயே முடிந்துவிடும்.

கிழித்தது போக மிச்சப் புத்தகம் என் மஞ்சப்பையில்தான் இருந்தது. எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போகிற பை. பதினொன்றாம் பக்கம் என் விலாவில் இடித்துக்கொண்டே இருந்தது. நான் திறக்கவில்லை.

“என்னண்ணே இருக்கு உள்ள?” மேடம் வாசலில் நின்றார்.

நான் அந்தத் தாளுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன்.

“மோட்டார்தான் மேடம். அஞ்சு குதிரை. ஒண்ணுக்குக்கூட கொள்ளு வைக்கல.”

அவர் சிரிக்கவில்லை. உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் மேடம் அழகுமலையிடம் கேள்வி கேட்டார். மருந்தடித்தது எந்தக் கிழமை? புதன். யார் அடித்தது? முத்துராஜா. டேங்க் யாருது? அவனுதுதான், கூலிக்கு அதையும் சேர்த்துக் கொண்டுவருவான். செவ்வாய்க்கிழமை அவன் எங்கே வேலை பார்த்தான்? அழகுமலைக்குத் தெரியவில்லை. மேடம் வேலிக்கு அந்தப்பக்கம் ஆள் அனுப்பி சொர்ணலதாவைக் கேட்டுவரச் சொன்னார்.

நான் ஒரு கல்காலில் சாய்ந்து நின்றேன். ரம்பம் ஒரு கொடியை அறுத்து முடித்தால் சத்தம் நிற்கும். பந்தலுக்கு மேலே சரசரவென்று ஒரு அசைவு ஓடும். மறுபடி சத்தம் ஆரம்பிக்கும். நான் எண்ணக்கூடாது என்றுதான் பார்த்தேன். ஒன்று. இரண்டு. மூன்று.

ஆள் திரும்பி வந்து சொன்னான்: செவ்வாய்க்கிழமை விஜயபாண்டியின் நெல்லுக்குக் களைக்கொல்லி அடித்தது முத்துராஜா.

ரம்பம் நின்றது. முத்துராஜா எழுந்து நின்றான்.

“நாந்தாங்க அடிச்சேன். அதுக்கென்ன? கூப்புட்ட எடத்துல அடிக்கிறதுதான பொழப்பு?”

“அதே டேங்க்கா?” என்றார் மேடம்.

“அதே டேங்க்குதான். ஆனா அழுக்கு டேங்க்கத் தூக்கிட்டு வரல. அந்தா, தொட்டிகிட்ட வச்சு மூணு தண்ணி கழுவுனேன். உள்ள கைய விட்டுத் தேச்சேன்.”

“மூணு தண்ணி போதும்னு யாரு சொன்னது?”

முத்துராஜா என்னைப் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் பாதி புரிந்திருக்க வேண்டும். மேடத்தின் பக்கம் திரும்பினான்.

“யாரும் சொல்லலங்க. நானாத்தான் கழுவுனேன்.”

“ஏலே, நீயாடா?” அழகுமலை பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார். “ஏம்லே, எத்தனை வருஷமா என் சோத்தத் திங்கிற? விஜயபாண்டி எவ்வளவு குடுத்தான்? சொல்றா!”

“சரி,” என்றார் மேடம் நிதானமாக. “ஒரு ஆள் உள்ள இருக்காரு. அவர வெளிய விடணும்னா இன்னொரு ஆளக் கொண்டுபோகணும். முத்துராஜா, கெளம்புங்க, ஸ்டேஷனுக்குப் போவோம்.”

அவன் ரம்பத்தைக் கல்காலில் சாய்த்து வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். வாசிக்கத் தெரியாதவன். நான் வாசித்ததை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, டேங்க்குக்குள் கையை விட்டுத் தேய்த்தவன்.

“மேடம்,” என்றேன். கல்காலை விட்டு அவர்கள் பக்கம் போனேன். “மேடம், நான் சொன்னது.”

“என்னது?”

“மூணு தண்ணி. நான் வாசிச்சது. உள்ள சொவத்துல இருக்கு.”

“தெரியும்,” என்றார் மேடம்.

அழகுமலை சட்டையை விட்டார்.

“தேனியிலருந்து இங்க வர்ற வரைக்கும் நாப்பத்தொரு போர்டு வாசிச்சீக அண்ணே. வேலை இல்லாம நானும் எண்ணிட்டுத்தான் வந்தேன். மூத்திரம் பெய்யாதேன்னு எழுதுனதக்கூட விடல. மோட்டார் ரூம்ல நீங்க நிக்கிறீக, பின்னாடி சொவத்துல தாள் தெரியுது. நீங்க மோட்டாரப் பத்திப் பேசுறீக. அப்பவே தெரியும்.”

“அப்ப ஏன் கேக்கல?”

“நீங்களா வாசிப்பீகன்னு நின்னேன். இவ்வளவு நேரமாகும்னு நெனைக்கல.” குடையால் என் பையைத் தட்டினார். “மிச்சம் எங்க இருக்கு?”

எடுத்தேன். பையை ஒரு கையில் வைத்துக்கொண்டு பக்கத்தைப் பிரிக்க முடியவில்லை. முத்துராஜா கிட்டே வந்து பையைப் பிடித்துக்கொண்டான். பந்தலுக்கு அடியில் நின்று, டீக்கடையில் வாசிக்கிற மாதிரி சத்தமாக வாசித்தேன். அன்றைக்கு யாரும் யாரையும் பேசாமல் இருக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

‘ஆனால் நெல் வயலில் களைக்கொல்லி தெளித்த கருவியை எத்தனை முறை கழுவினாலும் திராட்சைக்குப் பயன்படுத்தவே கூடாது. களைக்கொல்லிக்குத் தனிக் கருவி வைத்துக்கொள்ள வேண்டும்.’

“முடிஞ்சுதா?” என்றார் அழகுமலை.

முடியவில்லை. கீழே இன்னும் நாலு வரி இருந்தது. எனக்கு அதை வாசிக்கத் தைரியம் இல்லை. ஆனால் வாசித்தேன்.

‘அறியாமல் தெளித்து இலை சுருண்டுவிட்டால் பதற வேண்டாம். கொடியை வெட்ட வேண்டாம். சுருண்ட கிளைகளை மட்டும் நீக்கி, தண்ணீர் கட்டி வரவும். பெரும்பாலான கொடிகள் அடுத்த கவாத்தில் நேரான துளிர் விடும்.’

அறுத்த கொடிகளில் தண்ணீர் கசிந்து அடிமண் ஈரமாகிக்கொண்டிருந்தது. நாங்கள் வரும்போது நாலு. இப்போது ஏழு. அந்த மூன்றும் நான் கல்காலில் சாய்ந்து நின்று எண்ணினது.

அழகுமலை அந்த மூன்றில் ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து அறுத்த இடத்தில் கையை வைத்தார்.

“இத நட்டப்பதான் எம் மக பெறந்தா,” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கொடியைப் பார்த்துத்தான் சொன்னார். என்னைப் பார்த்துத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நாலரை மணிக்கு ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தோம். மேடம் வரிசைக் கணக்கையும் தக்காளிக் கதையையும் சொன்னார். சப்-இன்ஸ்பெக்டர், சுவரிலிருந்து உரித்துக் கொண்டுபோன நாலாம் பக்கத்தையும் பதினொன்றாம் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார். அழகுமலை புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். விஜயபாண்டி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தான். வாசலில் இருந்த சொர்ணலதா எழுந்து நின்றாள்.

“வாய்க்கால்ல பேசுனது தப்புத்தாண்ணே,” என்றான் அழகுமலையிடம்.

“நான் ஸ்டேஷன்ல பேசுனதும் தப்புத்தான்,” என்றார் அவர்.

வெளியே வேப்பமரத்தடியில் முத்துராஜா எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஏன்டா எம் பேரச் சொல்லல?”

“சொன்னா அடுத்த ஞாயித்துக்கெழம யாருண்ணே வாசிப்பா?” என்றான்.

திட்டாதவர்களை எல்லாம் அன்றைக்கு என் முன்னால் வரிசையாக யாரோ நிறுத்தி வைத்த மாதிரி இருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். என் வாக்குமூலத்தை ஏட்டு எழுதி முடித்திருந்தார். நான் சொன்னபடி முழுசாக, கல்காலில் சாய்ந்து நின்ற அரை மணி நேரமும் சேர்த்து.

“கையெழுத்தா, ரேகையா?” என்றார் ஏட்டு.

“கையெழுத்துங்க. வாசிச்சுட்டுப் போடுறேன்.”

ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தேன். அடிவரைக்கும் வந்ததும் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் வெறும் தாள். மறுபடி இந்தப் பக்கம் திருப்பி, கடைசி வரிக்குக் கீழே எறும்பு அளவில் எதுவும் இருக்கிறதா என்று பார்த்தேன். மறுபடி பின்பக்கம்.

“என்னய்யா தேடுற? ஒரு பக்கந்தான் எழுதியிருக்கு,” என்றார் ஏட்டு.

“ஆமாங்கய்யா. பாத்துக்கிட்டேன்.”

மேடம் ஆறு மணி பஸ்ஸுக்கு அவசரப்படுத்தவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு, நான் பார்த்து முடிக்கிறவரைக்கும் நின்றார். பிறகு நான் பேனாவை வாங்கி, என் பேரை எழுதினேன்.